பசுமை வளாகமும் மலக்குழியும்

கல்லூரிகளெல்லாம் வேகவேகமாகப் பச்சையாகிக் கொண்டிருக்கின்றன. வாசலில் 'பசுமை வளாகம்' என்று பலகை. உள்ளே போனால் மழைநீர்த் தொட்டி, மண்புழு உரக்குழி, மொட்டை மாடியில் சூரியத் தகடு, ஒரு மூலையில் மியாவாக்கிக் காடு. மரத்துக்கு மரம் அதன் தமிழ்ப் பெயரும் தாவரவியல் பெயரும் எழுதித் தொங்கும் தகடு. நல்லதுதான். மரம் நடுவதை எவன் வேண்டாமென்பான்? நட்டுட்டுப் போங்க. நமக்கு இருப்பது ஒரே கேள்வி. மரத்துக்கெல்லாம் பெயர் எழுதி மாட்டியவர்களுக்கு, அந்த மரத்தடிச் சருகை விடிகாலை அய்ந்து மணிக்கு வந்து கூட்டுகிற பெண்ணின் பெயர் தெரியுமா?

இந்தப் பச்சை எங்கிருந்து முளைத்தது என்று பார்க்க வேண்டும். 1994-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஏற்படுத்திய தர மதிப்பீட்டு அவை, அதாவது கல்லூரிக்காரர்கள் பயபக்தியோடு உச்சரிக்கிற 'நாக்', 2017-இல் தன் கையேட்டைத் திருத்தியது. அதில் ஏழு அளவுகோல்கள். ஏழாவதுக்குள் வருகிறது 'நிறுவனத்தின் விழுமியங்களும் சமூகப் பொறுப்பும்'. மாற்று எரிசக்தி உண்டா, தண்ணீரைச் சேமிக்கிறாயா, கழிவை என்ன செய்கிறாய், பிளாஸ்டிக்கைத் தடை செய்தாயா, பசுமைத் தணிக்கை நடத்தினாயா என்று கேள்விகள் போகின்றன. பதிலுக்குச் சான்றாக இடக்குறி பொறித்த புகைப்படம் வேண்டும். மாட்டின் காதில் வில்லை போட்ட மாதிரி இப்போது மரக்கன்றுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை. முதல்வர் பூவாளியோடு குனிகிறார், படம் எடுக்கிறார்கள். குழி தோண்டியவரை ஓரமாக நிற்கச் சொல்லிவிடுகிறார்கள்.

இதில் நல்லது எதுவுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. மாற்றுத்திறனாளி மாணவருக்குச் சாய்தளம், பெண்களுக்கு ஓய்வறை என்பதெல்லாம் பல கல்லூரிகளில் இந்தக் கேள்விக்குப் பயந்தே வந்தன. ஆனால் சாதி என்று வரும்போது மட்டும் கையேட்டின் நாக்கு குழறுகிறது. பண்பாட்டு, வட்டார, மொழி, சமூகப் பொருளாதார வேறுபாடுகளுக்கிடையே நல்லிணக்கம் வளர்க்க என்ன செய்தாய் என்று பொத்தாம்பொதுவாகக் கேட்கிறது. கல்லூரியும் சமத்துவப் பொங்கல் பானையைப் படமெடுத்து அனுப்பிவிடுகிறது. பானையில் எல்லோரும் ஒரே அரிசிதான் போட்டார்கள். பானையைக் கழுவியது யார் என்பது படத்தில் இல்லை. மதிப்பெண் போடப் போன ஆய்வுக் குழுவினரையே 2025 பிப்ரவரியில் லஞ்ச வழக்கில் சி.பி.அய். கைது செய்த கதை தனி. லஞ்சம் அடியோடு ஒழிந்தாலும் நம் கேள்வி ஒழியாது. ஏனென்றால் கோளாறு அளக்கிறவனிடம் மட்டுமில்லை, கோலிலேயே இருக்கிறது.

கழிவு மேலாண்மையை எடுத்துக்கொள்வோம். திடக் கழிவு, திரவக் கழிவு, மருத்துவக் கழிவு, மின்னணுக் கழிவு என்று வகை பிரித்துக் கேட்கிறார்கள். எந்தக் கழிவு என்று கேட்கிறவர்கள் யார் கை என்று கேட்பதில்லை. மூவாயிரம் பேர் படிக்கிற கல்லூரியில் செப்டிக் டேங்க் நிரம்பத்தான் செய்யும். எப்போது நிரம்பும்? பெரும்பாலும் விடுமுறையில் ஆள் வைத்து எடுப்பார்கள், நாற்றம் பேராசிரியர் மூக்குக்கு எட்டக்கூடாதல்லவா. லாரிக் குழாய் உறிஞ்சியது போக அடியில் இறுகிக் கிடப்பதற்கு என்ன செய்வது? 'ஒரு ஆளை இறக்கு' என்பார்கள். அந்த 'ஒரு ஆள்' எந்தத் தெருவிலிருந்து வருவான் என்று இந்த நாட்டில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1993-இல் ஒரு சட்டம் வந்தது. போதவில்லை என்று 2013-இல் இன்னொன்று வந்தது. பாதுகாப்பு ஏதுமில்லாமல் மனிதனை மலக்குழியில் இறக்குகிறவனுக்கு முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம் என்கிறது அது. குழிக்குள் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடு என்று 2014 மார்ச்சில் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. தொகை மூன்று மடங்கானது. சாவு நின்றதா? சட்டத்துறை உள்ள கல்லூரிகளில்கூட இந்தச் சட்டத்தைத் தேர்வுக்குப் படிப்பார்கள், சன்னலைத் திறந்து குழியை எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

குப்பைக்கும் இதே கதைதான். 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. மறுநாளே எல்லாக் கல்லூரியும் 'நெகிழியில்லா வளாகம்' ஆனது. குப்பையைப் போடுகிறவரே பிரித்துப் போட வேண்டும் என்று 2016 விதிகள் சொல்லின. பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி வாங்கி வைத்தார்கள். சோற்றையும் காகிதத்தையும் நாப்கினையும் ஒன்றாகப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் படித்த பிள்ளைகள். மத்தியானம் குந்தி உட்கார்ந்து வெறுங்கையால் பிரிக்கிறவர் படிக்காத அக்கா. இதற்கு 'மூலத்திலேயே பிரித்தல்' என்று அறிக்கையில் பெயர். சரிதான், சாதியின் மூலமே இந்தப் பிரித்தலில்தானே இருக்கிறது!

நான் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து பிழைப்பவன். ஒப்பந்தத் துப்புரவுப் பெண்களின் சம்பளக் கணக்கு எங்களிடம் வரும். பாஸ்புத்தகத்தில் வரவு ஒரு தொகை, அந்தம்மா கைக்குப் போவது வேறு தொகை. 'ஏ.டி.எம். கார்டு எங்கக்கா?' என்று கேட்டால், 'அது மேஸ்திரிகிட்ட இருக்கு சார்' என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். சட்டப்படி சம்பளம் வங்கி வழியாகத்தான் போகிறது. கணக்கு சுத்தம். கல்லூரி நிர்வாகத்தைக் கேட்டால், 'அது காண்ட்ராக்டர் விசயம், எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை' என்பார்கள். மரக்கன்றோடு சம்பந்தம் உண்டு, மண்புழுவோடு சம்பந்தம் உண்டு, தன் கழிப்பறையைக் கழுவுகிற மனுசியோடு சம்பந்தமில்லை. இது என்ன சமூகப் பொறுப்பு?

சுற்றுச்சூழல் என்பது நமக்குப் புதுப் பாடமில்லை. 1927 மார்ச் 20-இல் மகாத் சவுதார் குளத்தில் இறங்கி அண்ணல் அம்பேத்கர் ஒரு கை நீர் அள்ளிக் குடித்தாரே, அதைவிடப் பெரிய சுற்றுச்சூழல் போராட்டம் இந்த மண்ணில் எது? பொதுக் குளங்களைத் திறந்துவிடச் சொல்லி பம்பாய் சட்டமன்றம் 1923-இலேயே தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது, குளம் சாதி இந்துக்களிடம் இருந்தது. மாடு குடிக்கலாம், நாய் குடிக்கலாம், மகார் குடித்தால் சாணியும் கோமியமும் ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள். உயர்நீதிமன்றத்தில் நமக்கு நீதி கிடைக்க 1937 ஆனது. தொண்ணூற்றைந்து ஆண்டு கழித்து, 2022 டிசம்பரில், வேங்கைவயல் தலித் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. தண்ணீரின் தூய்மையைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வைத்திருக்கிற கல்லூரிகளே, தண்ணீருக்குள் இருக்கிற சாதியைச் சோதிக்க உங்களிடம் என்ன கருவி இருக்கிறது?

நிலமும் அப்படித்தான். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பத்து ஆண்டுக்கு விற்கக்கூடாது, அதன் பிறகும் பிற சாதியாருக்கு விற்கக்கூடாது என்பது நிபந்தனை. அந்த நிலமெல்லாம் யார் கையில்? காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பி, 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் போலீசு துப்பாக்கிக்கு ஜான் தாமசும் ஏழுமலையும் பலியானார்கள். நூறு ஏக்கர் வளாகத்தில் எத்தனை மரம், எத்தனை பறவை, எத்தனை வண்ணத்துப்பூச்சி என்று எண்ணிப் புத்தகம் போடுகிறீர்களே, அந்த நூறு ஏக்கரின் பழைய அ-பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்ததுண்டா? 'டி.சி.' என்று குறித்த சர்வே எண் அதில் ஒன்றுகூட இல்லை என்று அறிவிக்கத் தயாரா? இல்லையென்றால் நல்லது, ஊரறியச் சொல்லுங்கள். இருந்தால் திருப்பிக் கொடுங்கள். அதுதான் முதல் பசுமை.

அடுத்தது சேவை. நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பரில் தொடங்கியது. ஏழு நாள் முகாம் போட்டு மாணவர்கள் கிராமத்துக்கு வருகிறார்கள். 2014-இல் வந்த உன்னத் பாரத் அபியான் கல்லூரிகளை அய்ந்தய்ந்து கிராமங்களைத் 'தத்தெடுக்க'ச் சொன்னது. தத்து! சேரி என்ன அனாதைப் பிள்ளையா? வந்து கோயில் வாசலைக் கூட்டுகிறார்கள், சேரிக்குள் வந்து 'சுத்தமாக இருங்கள்' என்று பாடுகிறார்கள். ஊரையே கழுவிக்கொண்டிருக்கிறவனுக்குச் சுத்தம் பற்றி வகுப்பு! ஊர்த்தெருவில் ரெட்டைக் குவளை இருக்கிறதா, சுடுகாட்டுக்குப் பாதை இருக்கிறதா, நூறு நாள் வேலையில் யாருக்கு எந்த வேலை என்று முகாமில் யாரும் கணக்கெடுப்பதில்லை. எடுத்தால் ஊராட்சித் தலைவர் சாப்பாடு போட மாட்டார்.

கிராமத்தைத் தத்தெடுப்பது இருக்கட்டும். உள்ளே வந்துவிட்ட எங்கள் பிள்ளையை என்ன செய்கிறீர்கள்? 2012-இன் அரசாணை எண் 92, தனியார் சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் தலித், பழங்குடி, மதம் மாறிய கிறித்துவ மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது. ஆனால் அரசுப் பணம் தாமதமாகத்தான் வரும். அதுவரை கல்லூரி பொறுக்குமா? 'முதல்ல கட்டு, வந்ததும் வாங்கிக்கோ' என்பார்கள். கட்டாதவர் பெயரைப் பலகையில் எழுதுவார்கள். சாதிப் பெயரை எழுதவில்லையே என்பார்கள். பலகையில் யார் பெயர் வருகிறது என்று வகுப்புக்கே தெரியும்.

உதவித்தொகை வருகிற பருவத்தில் எங்கள் கவுண்டரில் அந்தப் பிள்ளைகள்தான் நிற்கும். 'சார், ஸ்காலர்ஷிப் ஏறிடுச்சா பாருங்க' என்று புத்தகத்தை நீட்டும். பள்ளியில் திறந்த கணக்கு இரண்டு வருசம் வரவு செலவில்லாமல் முடங்கியிருக்கும். அல்லது ஆதார் வேறொரு வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கும், ஆதார் வழியாக வருகிற பணம் கடைசியாக எது இணைந்ததோ அங்கேதான் போய் விழும். அரைமணி நேர வேலை இது. கல்லூரியில் ஒரு எழுத்தர் உட்கார்ந்து முதலாண்டிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் சரிபார்த்துக் கொடுத்தால் முடிந்தது. செய்ய மாட்டார்கள். மரக்கன்றுக்குப் பொறுப்பாசிரியர் உண்டு, ஒரு தலித் மாணவி படிப்பை விட்டு நின்றால் அதற்குப் பொறுப்பாசிரியர் கிடையாது. கன்று பட்டுப்போனால் வேறு கன்று நடலாம். அந்தப் பெண் நின்றுபோனால் அந்தக் குடும்பத்தில் இன்னொரு தலைமுறை காத்திருக்க வேண்டும்.

எங்கள் வங்கிப் பாஷையில் சொல்வதானால், செலுத்த வேண்டிய கடனைக் கொடுத்த நன்கொடையாக எழுதி வைத்திருக்கிறார்கள். சமூகப் பொறுப்பு என்பது தர்மமல்ல, பாக்கி. பாகுபாட்டுக்கு எதிராக அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று மானியக் குழு விதி போட்டது 2012-இல். ரோகித் வெமுலா அய்தராபாத்தில் செத்தது 2016 சனவரி 17-இல். விதிக்கும் சாவுக்கும் நடுவே மூன்று ஆண்டு இருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் மரத்துக்கும் பாறைக்கும் ஏரிக்கும் குறைவில்லை.

அப்படியானால் கல்லூரிப் பசுமை என்பது முடியாத காரியமா? முடியும். 1945-இல் அம்பேத்கர் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி. 1950-இல், பள்ளிக்கூடமே எட்டாத மராத்வாடாவில், அன்றைய அவுரங்காபாத்தில் ஒரு கல்லூரி, பின்னால் மிலிந்த் என்று பெயர் பெற்றது. அந்த வளாகத்துக்கு அவர் வைத்த பெயர் நாகசேன வனம். வனம் என்றுதான் பெயர் வைத்தார். அந்த வனத்தில் நிழல் யாருக்கு என்பதைத் தீர்மானித்துவிட்டு வைத்தார். நமக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

ஆகவே தோழர்களே, மரம் நடாதே என்று சொல்ல வேண்டாம். பசுமைத் தணிக்கையோடு சாதித் தணிக்கையும் நடத்து என்று கேட்போம். கல்லூரியில் படிக்கிற நம் பிள்ளைகள், வேலை பார்க்கிற நம் ஆசிரியர்கள் எழுத்து மூலமாகவே கேட்கலாம்.

ஒன்று, மலக்குழியை எந்த இயந்திரம் எடுக்கிறது, எந்தத் தேதியில் எடுத்தது, யாரேனும் இறங்கினார்களா என்று பதிவேடு வை. இரண்டு, துப்புரவுப் பணியாளரை நேரடியாக நியமி, சம்பளத்தை அவர் கையில் கொடு, அவர் பிள்ளைக்கு உன் வகுப்பறையில் இடம் கொடு. மூன்று, உன் கழிவுநீர் கடைசியில் யார் தெருவில் போய்த் தேங்குகிறது என்று வரைபடம் போடு. நான்கு, நிலத்தின் பழைய பதிவேட்டை வெளியிடு. அய்ந்து, எத்தனை தலித், பழங்குடி மாணவர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் ஏன் நின்றார்கள், ஆசிரியர் பணியிடத்தில் நம் பங்கு எத்தனை, காலி எத்தனை என்று ஆண்டுதோறும் சுவரில் ஒட்டு.

அய்ந்துக்கும் பணம் பெரிதாக வேண்டாம். மியாவாக்கிக் காட்டுக்குக் கம்பிவேலி போடுகிற செலவுகூட ஆகாது. பதில் வராது என்று எனக்கும் தெரியும். கேட்டுக்கொண்டேயிருப்போம். பதில் சொல்லாத கல்லூரி எத்தனை மரம் வைத்தாலும் அது அக்கிரகாரத்துத் தோப்புதான். நமக்கு அங்கே வேலை உண்டு, நிழல் கிடையாது.