தூங்கத் தெரிந்த சிப்

எலெக்ட்ரானிக்ஸ் போர்டை முதன்முதலாக வாங்கும் எவரும் செய்வது ஒன்றுதான். அதில் உள்ள சின்னஞ்சிறு விளக்கை மினுக்க வைப்பார்கள். எந்தக் கையேட்டைப் புரட்டினாலும் முதல் பாடம் இதுவே. ஆனால் பட்டன் பாட்டரியில் ஓட வேண்டிய கம்பியில்லாக் கருவிகளைப் பொறுத்தவரை இது தலைகீழ்ப் பாடம். அந்த விளக்கு எரிய 2 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால்கூட, தூங்கும் சிப் குடிக்கும் மின்சாரத்தைப் போல அது 600 மடங்குக்கு மேல்.

நார்வேயின் ட்ரோன்ட்ஹைம் நகரில் இயங்கும் நோர்டிக் செமிகண்டக்டர் நிறுவனத்தின் என்.ஆர்.எஃப். 52840 போர்டை எடுத்துக்கொள்ளலாம். நடுவில் விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சிப். அதற்குள் 64 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 1 மெகாபைட் நினைவகம், புளூடூத் ரேடியோ எல்லாம் அடக்கம். (2016இல் பிரிட்டனில் பி.பி.சி. பள்ளி மாணவர்களுக்கு இலவசமாக வழங்கிய சுமார் 10 லட்சம் மைக்ரோபிட் போர்டுகளில் இருந்தது இதே நிறுவனத்தின் முந்தைய தலைமுறைச் சிப்தான்.) போர்டின் விலை சில ஆயிரம் ரூபாய். புரோகிராமை சிப்பில் ஏற்றும் கருவியும் போர்டிலேயே இருப்பதால் ஒரு யு.எஸ்.பி. கேபிள் போதும். மென்பொருள் இலவசம். ஆனால் அது பல கிகாபைட் இருக்கும் என்பதால், முதல் நாள் மாலை டவுன்லோடிலேயே கழியும்.

போர்டின் பின்புறம் ரூபாய் நாணயம் அளவுள்ள சி.ஆர். 2032 பாட்டரிக்கு ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். விஷயமே அங்கேதான். இந்தப் பாட்டரியின் கொள்ளளவு ஏறக்குறைய 220 மில்லி ஆம்பியர் மணி. ரேடியோவை விடாமல் இயக்கினால் சுமார் 5 மில்லி ஆம்பியர் செலவாகும். 44 மணி நேரத்தில் பாட்டரி காலி. அதே சிப் நேரத்தை மட்டும் கணக்கு வைத்துக்கொண்டு தூங்கினால் 3 மைக்ரோ ஆம்பியர் போதும். நிமிடத்துக்கு ஒரு முறை 10 மில்லி செகண்ட் விழித்து, வெப்பநிலையைச் சொல்லிவிட்டு மீண்டும் தூங்கப் போனால், சராசரியில் இன்னும் 1 மைக்ரோ ஆம்பியர்கூடக் கூடாது. பாட்டரி ஆறு ஆண்டுக்கு மேல் வரும். இது காகிதக் கணக்கு. பாட்டரி தானாகவே வலுவிழப்பதால் நிஜத்தில் குறையும். ஆனாலும் இரண்டு நாள் எங்கே, சில ஆண்டுகள் எங்கே? கும்பகர்ணன் ஆறு மாதம் தூங்கி ஒரு நாள் விழித்தான். இந்தச் சிப் 6,000 பங்கு நேரத்தில் ஒரு பங்குதான் விழித்திருக்கிறது.

இது வெறும் சிக்கன விளையாட்டு அல்ல. 2002 கோடையில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடலோரம் உள்ள கிரேட் டக் தீவில், பெர்க்லி ஆய்வாளர்கள் 32 கம்பியில்லா உணர்கருவிகளை வைத்தார்கள். மண் வளைக்குள் முட்டையிடும் ஒரு கடற்பறவையின் கூட்டு வெப்பநிலையைத் தெரிந்துகொள்வது நோக்கம். மனிதர்கள் அடிக்கடி போய் எட்டிப் பார்த்தால் இந்தப் பறவை கூட்டையே கைவிட்டுவிடும். எனவே பாட்டரி மாற்றப் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டு பென்சில் பாட்டரிகளில் ஒன்பது மாதம் ஓட்ட வேண்டும். இதற்காக ஒரு நாளைக்கு 8 மில்லி ஆம்பியர் மணியும் சொச்சமும்தான் செலவு என்று பட்ஜெட் போட்டு, ஒவ்வொரு விழிப்புக்கும் கணக்கு எழுதினார்கள். வயல்வெளியில் மண்ணின் ஈரத்தை அளக்க நூறு கருவிகளைப் புதைக்க நினைக்கும் எவருக்கும் இதே கணக்குதான். மாதா மாதம் நூறு பாட்டரி மாற்ற ஆள் வைப்பதைவிட, நேரில் போய் மண்ணைத் தொட்டுப் பார்ப்பது மலிவு.

ஆரம்பக்காரர் சறுக்கும் இடங்கள் வழக்கமானவை. புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, போர்டு கம்ப்யூட்டருடன் பேசுவதற்கு சீரியல் இணைப்பைத் திறந்து வைப்பார்கள். பிறகு அதை மூட மறந்துவிடுவார்கள். எதிர்முனையில் யாருமே இல்லாவிட்டாலும் சிப் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும். அதற்கே சில நூறு மைக்ரோ ஆம்பியர் போகும். 500 என்றால் பாட்டரிக்கு ஆயுள் 18 நாள். அடுத்தது தண்டோரா. புளூடூத் கருவி தன் இருப்பை மூன்று சேனல்களில் மாறி மாறி அறிவித்துக்கொண்டே இருக்க வேண்டும். மாதிரி புரோகிராம்களில் இது பெரும்பாலும் செகண்டுக்கு ஏழு, பத்து தடவை நடக்கிறது. போனில் உடனே தெரிய வேண்டும் என்பதற்காக வைத்த வேகம் அது. தோட்டத்து வெப்பமானிக்கு என்ன அவசரம்? செகண்டுக்கு ஒரு முறை என்று மாற்றினாலே அந்தச் செலவு பத்தில் ஒன்றாகிவிடும்.

தில்லி லஜ்பத்ராய் மார்க்கெட்டிலும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் சென்னை ரிச்சி தெருவிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈ.எஸ்.பி. 32 போர்டுகளின் கதை வேறு. சிப் ஆழ்ந்து தூங்கும்போது 10 மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கும் என்கிறது தயாரிப்பாளரின் குறிப்பு. அதில் பொய்யில்லை. ஆனால் மலிவுப் போர்டில் கூடவே குடியிருக்கும் வோல்டேஜ் ரெகுலேட்டர், யு.எஸ்.பி. சிப், எப்போதும் எரியும் பவர் விளக்கு ஆகியவை தூங்குவதில்லை. இவை சேர்ந்து சில மில்லி ஆம்பியர் தின்றுவிடும். சிப்புக்கான எண்ணைப் படித்துவிட்டு போர்டை வாங்குகிறவர் ஏமாறுவது இங்கேதான். வீட்டில் பிளக் இருக்கும் இடத்துக்கு அது நல்ல போர்டு, கிணற்றடிக்கு அல்ல.

ஆகவே முதல் வேலை விளக்கை மினுக்குவது அல்ல, அளப்பது. சாதாரண மல்ட்டிமீட்டர் இதற்குப் போதாது. சில மில்லி செகண்டே நீடிக்கும் விழிப்பு அதன் கண்ணில் படாது. போதாததற்கு, மைக்ரோ ஆம்பியர் நிலையில் மீட்டரே கொஞ்சம் வோல்டேஜை விழுங்கிவிடும். ரேடியோ விழிக்கும் நேரத்தில் சிப் மயங்கி விழும். இதற்கென்றே வரும் அளவீட்டுக் கருவி போர்டைவிட விலை அதிகம். கல்லூரிகள் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு போர்டு வாங்குவதைவிட, ஒரு மேஜைக்கு ஓர் அளவீட்டுக் கருவி வாங்குவது புத்திசாலித்தனம். அளப்பதற்கு முன் புரோகிராம் ஏற்றிய நிலையிலிருந்து மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி கொடுக்க வேண்டும். இல்லையென்றால் சிப் இன்னும் சோதனை நிலையிலேயே இருந்து, மீட்டரில் காரணம் புரியாத அளவுகளைக் காட்டும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொள்ள நேரும்.

புளூடூத்துக்கு உரிய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், வரம்புக்குட்பட்ட சக்தியில் ஒலிபரப்ப இந்தியாவில் உரிமம் வேண்டாம். சில கிலோமீட்டர் தூரம் எட்டும் லோரா வகை போர்டுகளில்தான் கவனம் தேவை. இந்தியாவில் 2005இல் இதுபோன்ற கருவிகளுக்குத் திறந்துவிடப்பட்டது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை. பின்னர் அது 868 வரை நீட்டிக்கப்பட்டது. அமெரிக்கச் சந்தைக்குத் தயாராகும் போர்டுகளோ 915 மெகாஹெர்ட்ஸுக்கு உரியவை. அவற்றின் ஆன்ட்டெனாவும் அந்த அலைநீளத்துக்கே வெட்டப்பட்டிருக்கும். ஆகவே வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் பணம் கட்டும் முன்பே எந்த மெகாஹெர்ட்ஸ் என்று கேட்டுவிட வேண்டும்.