கையெழுத்துப் போட்ட பெற்றோருக்கு

கல்லூரிகள் திறக்கும் மாதம் எதுவென்று டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் நமக்குக் காலண்டர் சொல்ல வேண்டியதில்லை. புது வாளி, சுருட்டிக் கட்டிய பாய், பூட்டுப் போட்ட பெட்டி, பக்கத்தில் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்த தகப்பன். சித்தூரிலிருந்து பாகாலா வழியாகத் திருப்பதிக்கு இரண்டு டிக்கெட். திரும்பி வரும்போது தகப்பன் மட்டும் வருவார். கொத்து வேலைக்கும், பூக்கட்டவும், ஓட்டலில் மாவரைக்கவும் வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் நாம். திருப்பதியில் 1954ல் வேங்கடேசுவரா பல்கலைக்கழகம், 1960ல் மருத்துவக் கல்லூரி, 1983ல் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், 2015ல் ஐ.ஐ.டி. என்று கல்விச் சாலைகள் பெருகின. நம்மில் பல வீடுகளில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் இந்தப் பிள்ளைகள்தாம். பெருமைதான். ஆனால் பெருமை பேச இதை எழுதவில்லை.

சென்ற ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்கிறோம். கல்லூரியின் பெயர் வேண்டாம், ஆட்களின் பெயரும் வேண்டாம். பெயிண்டர் வேலை செய்யும் நம் தோழர் ஒருவரின் மகன், விடுதியில் சேர்ந்த பத்தாம் நாள் வீட்டுக்குத் திரும்பிவிட்டான். "படிப்பு வேண்டாம், அப்பாகூட வேலைக்குப் போறேன்" என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை. அவன் தாய்தான் இரண்டு நாள் கழித்து மெல்லக் கேட்டு வாங்கினார். இரவு பதினொரு மணிக்கு எழுப்பிச் சீனியர்களின் துணியைத் துவைக்க விட்டிருக்கிறார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லி நிற்க வைத்திருக்கிறார்கள். தெலுங்கில் நாக்குப் புரண்டால் அதே சொல்லை நூறு தடவை சொல்லவைத்துச் சிரித்திருக்கிறார்கள். 'அரவாடு' என்பதே அவனுக்குப் பெயர்.

சங்க அறை கொதித்தது. தமிழன் என்பதால்தானே இந்தக் கொடுமை என்று கண்டனத் தீர்மானம் எழுதவே உட்கார்ந்துவிட்டோம். நல்ல வேளை, அதற்கு முன் நான்கு பேர் விடுதிக்குப் போய் விசாரித்தோம். முன்னால் நின்று இதையெல்லாம் நடத்தியவன் நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகன்! 'அரவாடு' என்று முதலில் கூப்பிட்டவனும் அவனே.

"எங்களுக்கும் போன வருசம் இப்படித்தான் செஞ்சாங்க மாமா. சும்மா ஒரு விளையாட்டுக்கு" என்றான்.

தோழர்களே, இந்தப் பதில் நமக்குப் புதியதா? சித்தாளாக இருந்து மேஸ்திரி ஆனவர், தான் வாங்கிய ஏச்சையெல்லாம் புதுச் சித்தாளிடம் வட்டியோடு வசூலிப்பதை நாம் பார்த்ததில்லையா? அதை எதிர்த்தல்லவா சங்கம் கட்டினோம்! அந்த மேஸ்திரி நம் வீட்டிலேயே, நம் காசில் படித்துக்கொண்டு வளர்கிறான் என்றால் அதை எப்படி விளையாட்டு என்பது?

விளையாட்டு எங்கே போய் முடியும் என்பதற்குச் சிதம்பரம் சாட்சி. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவன் நாவரசு சீனியர் மாணவன் ஒருவனால் கொல்லப்பட்டான். துணைவேந்தராக இருந்தவரின் மகன் அவன். அவனுக்கே அந்தக் கதி என்றால், கேட்க நாதியில்லாத நம் பிள்ளை எம்மாத்திரம்? வழக்கு ஒரு நீதிமன்றத்தில் தண்டனை, அடுத்ததில் விடுதலை என்று இழுபட்டு, 2011ல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தபோது பதினாலு ஆண்டுகள் ஓடியிருந்தன. இரண்டு குடும்பமும் அழிந்தன என்றுதான் சொல்ல வேண்டும். இலங்கைத் தமிழர் ராகிங்கைப் பகிடிவதை என்கிறார்கள். சரியான சொல். பகிடியில் தொடங்கும், வதையில் முடியும். பேராதனையில் 1997ல் வரப்பிரகாஷ் என்ற மாணவன் பலியான பிறகு, 1998ல் அங்கேயும் சட்டம் வந்தது.

நாவரசு கொலைக்குப் பின் 1997ல் தமிழ்நாடு சட்டம் போட்டது. அதே ஆண்டு ஆந்திரமும் போட்டது. கேலி செய்து கூனிக் குறுகவைத்தாலே ஆறு மாதம் வரை சிறை. அடித்தால் ஓராண்டு. சாவுக்கோ தற்கொலைக்கோ காரணமானால் ஆயுள் தண்டனை வரை போகும். புகாரைக் கண்டும் காணாமல் இருக்கும் கல்லூரித் தலைவரும் குற்றத்துக்கு உடந்தை என்கிறது சட்டம். 2009ல் இமாசலப் பிரதேசத்தில் அமன் கச்ரு என்ற மருத்துவ மாணவன் மாண்டபின், பல்கலைக்கழக மானியக் குழு விதிகளை இறுக்கியது. ஆண்டுதோறும் மாணவனும் பெற்றோரும் ராகிங் செய்யமாட்டோம் என்று உறுதிமொழி தர வேண்டும் என்பது அதில் ஒன்று. 1800-180-5522 என்ற இலவசத் தொலைபேசியில் எந்நேரமும் புகார் சொல்லலாம்.

அந்த உறுதிமொழித் தாளில் நாமும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். என்ன எழுதியிருக்கிறது என்று எத்தனை பேர் கேட்டோம்? இங்கிலீஷ் தாள், பையன் காட்டிய இடத்தில் போட்டோம், அவ்வளவுதான்.

இன்னொரு குற்றமும் நம்மீது உண்டு, சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பத்து வீட்டுக்கு ஒரு குழாய், ஒரு கக்கூஸ் என்ற வரிசை வீட்டில் வாழ்ந்தவர்கள் நாம். அடுத்தவர் குடம் நிரம்பும்வரை நிற்கவும், நைட் டூட்டிக்காரர் தூங்கும் பகலில் ரேடியோவைத் தணிக்கவும் யாரும் நமக்குப் பாடம் எடுக்கவில்லை. ஆனால் பிள்ளைக்கு என்ன சொன்னோம்? "நீ படி, அது போதும்." சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவ விடவில்லை. அவன் விடுதிக்குப் போய்ச் சோற்றைப் பாதியில் கொட்டுகிறான். நடுநிசியில் தெருவில் மோட்டார் சைக்கிளை உறுமவிட்டுப் பிறந்தநாள் கொண்டாடுகிறான். விடுதிகளில் எச்சில் தட்டு கழுவும் அம்மாக்களில் நம் சங்கத்துப் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சொன்னார்: "எம் பையனும் வேற ஆஸ்டல்ல இப்படித்தானே பண்ணுவான், எந்த வாயால நான் திட்டுறது?"

புகார் கொடுப்பதா, நம் பையன்தானே என்று மூடிவிடுவதா என்று சங்கத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்தோம். மூடினால், தெலுங்குப் பையன் செய்திருந்தால் மட்டும் கொதித்திருப்போம் என்றல்லவா ஆகும்? கொடுத்தோம். விசாரணை நடந்தது. பெயிண்டர் தோழரின் மகன் திரும்பிப் போனான், படித்துக்கொண்டிருக்கிறான். மற்றவனை விடுதியைவிட்டு நீக்கினார்கள், படிப்பைப் பறிக்கவில்லை. அந்த அளவுக்கு நியாயமாகவே நடந்தது.

அவன் இப்போது சீசன் டிக்கெட்டில் காலை வண்டிக்குப் போய் வருகிறான். ஜன்னலில் நம்மைக் கண்டால் தலை நிமிர்வதில்லை. அவன் தகப்பனார் மூன்று மாதமாகச் சந்தா தரவில்லை. அடுத்த ஞாயிறு வசூலுக்கு அவர் வீட்டுக்கும் போவோம்.