சரித்திரக் காதல் கதைகளும் சம்மதத்தின் நீதியும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...



தமிழ் வாசிப்பு உலகில் சரித்திர நாவலுக்கு உள்ள செல்வாக்கு வேறெந்தக் கதை வகைக்கும் இல்லை எனலாம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. 2022, 2023 ஆம் ஆண்டுகளில் அது இரண்டு பாகத் திரைப்படமாக வெளிவந்த பின்னர், புத்தகம் பக்கமே போகாத இளையோரும் ஐந்து பாகங்களையும் தேடிப் படித்தனர். சாண்டில்யனின் 'கடல் புறா'வும் 'யவன ராணி'யும் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. கடையநல்லூரிலும் சுற்றுவட்டாரத்திலும் நம் பெண்மக்கள் இவற்றை ஆர்வத்தோடு படிக்கிறார்கள். படித்தவர்களில் சிலர் மனக்கசப்போடு ஒரு கேள்வியையும் எழுப்புகிறார்கள்: "கதை அருமை, ஆனால் இதில் வரும் உறவுகளை எப்படி ஏற்றுக்கொள்வது?"

இக்கேள்வியைக் கேட்டதும் பெரியவர்கள் இருவகையாகப் பதில் சொல்கின்றனர். ஒரு சாரார், "நாவலே படிக்காதே" என்று புத்தகத்தைப் பிடுங்குகின்றனர். மறு சாரார், "அந்தக் காலம் அப்படித்தான், கதையைக் கதையாகப் படி" என்று வாயடைக்கின்றனர். இவ்விரண்டுமே அப்பெண்ணின் கேள்விக்குப் பதிலாகா. அவளுடைய ஏமாற்றம் மதிக்கப்பட வேண்டிய ஒன்று என்பதே நம் கருத்து. நீதியுணர்வு விழித்திருக்கும் உள்ளத்தில்தான் அத்தகைய உறுத்தல் பிறக்கும்.

உறுத்துவது எது?

கல்கியின் 'சிவகாமியின் சபத'த்தை எடுத்துக்கொள்வோம். 1944 முதல் 1946 வரை வந்த தொடர் அது. நாட்டியப் பேரரசியான சிவகாமியைப் புலிகேசி சிறைபிடித்து வாதாபிக்குக் கொண்டு செல்கிறான். மற்ற சிறைக் கைதிகள் சாட்டையடி படாதிருக்க அவள் நாற்சந்தியில் ஆட வேண்டியதாகிறது. மாமல்லர் வந்து அந்நகரை எரித்துத் தன்னை மீட்கும் வரை அங்கிருந்து வெளியேற மாட்டேன் எனச் சபதம் செய்து, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறாள். மாமல்லரும் வருகிறார், வாதாபியும் எரிகிறது. ஆனால் அவர் இதற்குள் பாண்டிய இளவரசியை மணந்து, குழந்தைகளுக்கும் தந்தையாகிவிட்டார் என்பது காஞ்சிக்குத் திரும்பிய பிறகே சிவகாமிக்குத் தெரிகிறது. இறுதியில் அவள் ஆலயத்தில் அடைக்கலமாகிறாள். தலைமுறை தலைமுறையாக வாசகர்கள் மாமல்லர் மீது கொண்ட வருத்தம் இன்னும் தீரவில்லை.

'பொன்னியின் செல்வ'னில் நந்தினியின் கதை வேறுவிதம். அறுபது வயதைக் கடந்த பெரிய பழுவேட்டரையருக்கு வாழ்க்கைப்பட்ட இளம்பெண் அவள். தான் மன்றாடியும் கேளாமல் தன் கண்முன்னே வீரபாண்டியனின் தலையைக் கொய்த ஆதித்த கரிகாலன் மீது வஞ்சம் கொண்டவள். இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கரிகாலன் கொலை சரித்திர நிகழ்ச்சி. உடையார்குடிக் கல்வெட்டு அதற்குக் காரணமான துரோகிகளென்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைக் குறிப்பிடுகிறது. நந்தினியோ கல்கியின் கற்பனை. பதவியில் இருந்த ஆடவர் சிலர் செய்ததாகக் கல்வெட்டு சொல்லும் குற்றத்தை நினைக்கும்போது, இன்று தமிழ் வாசகனின் மனத்தில் முதலில் தோன்றுவது ஓர் அழகியின் முகமே.

ஆயினும் கல்கியிடம் ஒரு நேர்மை உண்டு. பொருந்தாத மணத்தைப் பொருந்தாத மணம் என்றே அவர் காட்டுகிறார். சிவகாமியின் துயரத்தைத் துயரம் என்றே எழுதுகிறார். வாசகர் அழ வேண்டிய இடத்தில் அவரும் அழுகிறார்.

சாண்டில்யனிடம் இவ்வேறுபாடு மங்கிவிடுகிறது. கடற்போரையும் கோட்டை முற்றுகையையும் அவரைப் போல் விறுவிறுப்பாக எழுதியவர் தமிழில் குறைவு. அதை மறுப்பது நியாயமன்று. ஆனால் பெண் வந்து நின்றதும் கதை நின்றுவிடும். அங்க வர்ணனை பக்கம் பக்கமாக நீளும். அவள் முகம் திருப்பினால் அது நாணம், விலகினால் ஊடல், சினந்தாலும் அது காதலே. அவள் 'வேண்டாம்' என்று சொல்லும் சொல்லுக்கு அந்த உலகில் பொருளே இல்லை. வீரனுக்கு இரண்டு பெண்களின் உள்ளம் கிடைப்பது அவனது வெற்றியின் ஓர் அங்கமாகவே வருகிறது. நம் வாசகியரை உறுத்துவது இதுதான்.

"மார்க்கமே பலதார மணத்தை அனுமதிக்கிறதே?"

இங்கே சிலர் நம்மை மடக்குவர். "நான்கு மனைவியரை அனுமதிக்கும் மார்க்கத்தைச் சேர்ந்த நீங்கள், கதாநாயகனுக்கு இருவர் என்பதைக் குறை கூறலாமா?" எனக் கேட்பர். நியாயமான கேள்வி; நேராகவே பதில் சொல்வோம்.

திருக்குர்ஆன் அந்த அனுமதியைத் தனித்து விட்டுவிடவில்லை. நீதி செலுத்த இயலாதென அஞ்சினால் ஒருத்தியோடு நிறுத்திக்கொள்ளுமாறு அதே வசனம் (4:3) கட்டளையிடுகிறது. மஹர், உறைவிடம், உணவு, உடை, இரவுகளின் பங்கீடு என ஒவ்வொன்றுக்கும் ஃபிக்ஹ் நூல்களில் கணக்கு உண்டு. அந்த உறவு கடமைகளால் கட்டப்பட்டது. நாவலிலோ அத்தகைய கடமையின் பேச்சே இல்லை. வாளோடும் குதிரையோடும் சேர்த்து எண்ணப்படும் வெற்றிப் பொருளாகவே இரண்டாமவள் இருக்கிறாள். பொறுப்பின் கணக்கையும் பரிசின் கணக்கையும் ஒன்றாக்குவது மார்க்கத்துக்குச் செய்யும் அநீதி.

நம் வீட்டுக் கண்ணாடி

பிறரது கதைகளை மட்டும் குறை சொல்லி ஒதுங்குவது நமக்கு அழகன்று. உங்களுக்கே பாதகமாயினும் நீதியில் நிலைத்திருங்கள் என்பது குர்ஆனின் (4:135) கட்டளை.

உருது மொழியில் சரித்திர நாவலுக்கு வித்திட்டவர் அப்துல் ஹலீம் ஷரர். அவரது முதல் சரித்திர நாவல், ஸலாஹுத்தீன் அய்யூபியின் மகனுக்கும் சிலுவைப் போர்த் தரப்பைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கும் இடையிலான காதலைச் சொல்வது. எதிரி முகாமின் பெண் நம் தளபதியிடம் மனத்தைப் பறிகொடுக்கும் கதைகள் பின்னர் பெருகின. அவற்றைப் படித்து நாம் மகிழ்ந்தோம். அதே கதையில் பெண் நம் தரப்பினளாகவும் வென்றவன் பிற தரப்பினனாகவும் இருந்தால் நம் இரத்தம் கொதிக்கிறது. இரண்டிலும் பெண்ணின் நிலை ஒன்றே என்பதை ஏனோ காண மறுக்கிறோம்.

வரலாற்றின் மீது கட்டிவிடப்பட்ட காதல்களும் நம்மிடம் உண்டு. கலீஃபா ஹாரூன் ரஷீதின் சகோதரி அப்பாஸாவுக்கும் அமைச்சர் ஜஅஃபர் பர்மகீக்கும் இருந்ததாகச் சொல்லப்படும் இரகசிய உறவே, 803 ஆம் ஆண்டு பர்மகீ குடும்பம் வீழக் காரணம் என்பது பழைய கதை. அரபு நாவலாசிரியர் ஜுர்ஜி ஸைதான் அதை ஒரு நாவலாகவே எழுதினார். ஆனால் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, 1377 இல் எழுதிய 'முகத்திமா'வில் இப்னு கல்தூன் இக்கதையை ஏற்க மறுத்துவிட்டார். அரசின் அதிகாரத்தையும் வரிவருவாயையும் அக்குடும்பம் தன் கைக்குள் வைத்துக்கொண்டதே வீழ்ச்சிக்குக் காரணம் என்று விளக்கினார். அனார்கலியின் கதையும் இத்தகையதே. ஜஹாங்கீர் தம் கையால் எழுதிய நினைவுக் குறிப்பில் அப்படியொரு பெண் இல்லை. 1922 இல் இம்தியாஸ் அலி தாஜ் எழுதிய நாடகமும், பின்வந்த திரைப்படங்களுமே அவளை நாடறியச் செய்தன.

ஆகவே "அந்தக் காலம் அப்படித்தான்" என்னும் சமாதானம் பல வேளைகளில் பொய்த்துப் போகிறது. அந்தக் காலம் அப்படி இருந்ததா என்பதே கேள்வி. பல இடங்களில் எழுத்தாளர் தம் காலத்து ஆசையைப் பழைய காலத்து ஆடை உடுத்தி அனுப்பியிருக்கிறார்.

மதீனாவின் தெருவில் ஒரு காதல்

உண்மையிலேயே பழைய காலம் எப்படியிருந்தது என அறிய விரும்புவோருக்கு, ஸஹீஹுல் புகாரியில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. பரீரா (ரழி) அடிமையாயிருந்து விடுதலை பெற்ற பெண்மணி. அவருடைய கணவர் முகீஸ் (ரழி) இன்னும் அடிமை. விடுதலை பெற்றதும், அந்த மணவாழ்வில் நீடிப்பதா விலகுவதா என்று தீர்மானிக்கும் உரிமை பரீராவுக்குக் கிடைத்தது. அவர் விலகலைத் தேர்ந்தார். முகீஸ் அவர் மீது மிகுந்த காதல் கொண்டவர். தாடி நனையக் கண்ணீர் வடித்தபடி மதீனாவின் தெருக்களில் அவர் பின்னே நடந்தார். அதைக் கண்டு மனமிரங்கிய அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அவரிடமே திரும்பிச் செல்லலாமே எனப் பரீராவிடம் கூறினார்கள். இது தங்கள் கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரை மட்டுமே என்று நபியவர்கள் பதிலளித்தார்கள். அப்படியாயின் தமக்கு அவர் தேவையில்லை என்று பரீரா சொல்லிவிட்டார். அத்தோடு விஷயம் முடிந்தது.

அன்புச் சகோதரிகளே, இதைச் சற்று நின்று சிந்தியுங்கள். காதலன் நல்லவர், ஸஹாபி. அவர் கண்ணீர் உண்மையான கண்ணீர். பரிந்துரைத்தவரோ அல்லாஹ்வின் தூதர். இத்தனையும் ஒரு பக்கம் இருக்க, நேற்று வரை அடிமையாயிருந்த ஒரு பெண்ணின் 'வேண்டாம்' மறுபக்கம் இருந்தது, அச்சொல்லே நிலைத்தது. இதையே நாவலாசிரியர் எழுதியிருந்தால், கடைசி அத்தியாயத்தில் பரீராவின் மனம் கரைந்திருக்கும், வாசகரும் கைதட்டியிருப்பர்.

கன்ஸா பின்த் கிதாம் (ரழி) அவர்களின் செய்தியும் அதே நூலில் உள்ளது. தமக்கு விருப்பமில்லாத மணத்தைத் தந்தை செய்து வைத்தாரென அவர் முறையிட்டபோது, நபியவர்கள் அம்மணத்தை ரத்துச் செய்தார்கள்.

கதை கதையோடு நிற்பதில்லை

இதெல்லாம் வெறும் இலக்கியத் தகராறு என எண்ண வேண்டாம். விடாது பின்தொடர்ந்தால் பெண்ணின் மனம் இளகும் என்று கதையில் கற்ற இளைஞன், பேருந்து நிறுத்தத்தில் அதைச் செய்து பார்க்கிறான். வன்மையாகப் பேசுகிறவனே ஆழமாக நேசிக்கிறவன் என்று கதையில் கற்ற பெண், நாளை தன் கைப்பேசியைப் பறித்துச் சோதிக்கும் கணவனின் செயலை அன்பென்று எண்ணிப் பொறுத்துப் போகிறாள்.

நம் நிகாஹ் வீடுகளிலும் இதன் நிழல் உண்டு. கன்னிப் பெண்ணின் மௌனம் சம்மதமாகும் என்பது ஹதீஸ்தான். ஆனால் வெட்கத்தால் பேசாதவளுக்கு வழங்கப்பட்ட சலுகை அது. அச்சத்தால் பேசாதவளின் வாயைக் கட்டும் கயிறு அன்று. வெட்கத்தின் மௌனத்தையும் மறுப்பின் அழுகையையும் ஃபிக்ஹ் அறிஞர்கள் பிரித்தே பார்த்துள்ளனர். வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு விடுமுறை முடியப் போகிறது என்ற அவசரத்தில், ஒரு சொல்லில் கேட்டு ஒரு தலையசைப்பில் முடிக்கும் சம்பிரதாயமாக நாம் அதைச் சுருக்கிவிடக் கூடாது. மகள் தனியாக, அச்சமின்றி, 'வேண்டாம்' என்று சொல்வதற்கு வழியிருந்தால்தான் அவளது 'சரி'க்கு மதிப்பு உண்டு.

என்ன செய்வோம்?

புத்தகங்களைப் பூட்டி வைப்பது தீர்வாகாது. தகாத ஆசையைப் பேசுவதே தவறென்றால், சூரா யூஸுஃப் அருளப்பட்டிருக்காது. கதவுகளைத் தாழிட்ட பெண்ணின் இச்சையை அது மறைக்கவில்லை (12:23). அதே வேளை வாசகரின் இச்சையைக் கிளறவுமில்லை. குற்றம் யாருடையது என்பதில் மயக்கம் வைக்கவில்லை. பின்னர் அப்பெண்ணே உண்மையை ஒப்புக்கொள்வதையும் எடுத்துரைக்கிறது (12:51). கதை சொல்வதன் ஒழுக்கம் இதுவே.

எனவே பெற்றோர், குறிப்பாகத் தாய்மார், பிள்ளைகளோடு சேர்ந்தே படியுங்கள். மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள். இந்தப் பெண்ணுக்கு மறுக்கும் வழி இருந்ததா? அவளுடைய வலியை எழுதியவர் கண்டாரா, அல்லது அழகை மட்டும் கண்டாரா? அநீதி நடந்திருந்தால், அதை அநீதி என்று கதை ஒப்புக்கொள்கிறதா? இவற்றைக் கேட்கத் தெரிந்த பிள்ளை எந்தப் புத்தகத்தையும் படிக்கலாம்.

எழுதும் ஆற்றலுள்ள நம் சகோதரிகள் எழுதவும் முன்வர வேண்டும். அது நமக்குப் புதிதன்று. நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் 1938 இலேயே 'காதலா கடமையா?' எனும் நாவலை எழுதினார். முஸ்லிம் பெண்கள் புத்தகம் எழுதுவதே அரிதாயிருந்த காலம் அது. கடையநல்லூரின் தறிச் சத்தத்திலும், மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிய கணவன்மாருக்காகக் காத்திருந்த பெண்களின் பொறுமையிலும் எழுதப்படாத சரித்திர நாவல்கள் எத்தனையோ உறங்குகின்றன. அவற்றில் வாள் வீச்சு இருக்காது. ஆனால் வாக்குக் காப்பதும், தவறுவதும், மன்னிப்பதும், மறுப்பதும் இருக்கும்.

கதையின் சுவையில் நீதியை இழக்காத வாசகர்களாகவும், பிள்ளைகளின் சொல்லுக்குச் செவிகொடுக்கும் பெற்றோராகவும் அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.