புதுக் கம்ப்யூட்டர் வாங்க முதல் கேபிளைப் பாருங்கள்

"சிபியு பத்தாது, புதுசு வாங்கு." என் சித்தப்பாவின் மகனுக்கு ஒரு கடையில் கிடைத்த புத்திமதி இது. பொடியனுக்கு வயது 17. கையில் சனிக்கிழமை வேலையில் சேர்த்த 400 பவுண்ட். பழைய உபுண்டு கம்ப்யூட்டரில், யுஎஸ்பி டியூனர் வழியாக 'மேட்ச் ஆஃப் த டே' பதிவு செய்வான். கோல் விழுகிற நேரம் பார்த்து ஃப்ரேமும் விழும், படம் கட்டம் கட்டமாக உடையும்.

அந்தப் புத்திமதி முழுப் பிழை. ஃப்ரீவியூ ஒளிபரப்பு எங்கள் ஆண்டெனாவுக்கு வரும்போதே சுருக்கப்பட்டுத்தான் வருகிறது. பாரமான வேலையை ஒளிபரப்புகிறவர்களே முடித்துவிடுகிறார்கள். உங்கள் கம்ப்யூட்டர் அதை அப்படியே டிஸ்க்கில் எழுதுகிறது, அவ்வளவுதான். பல எச்டி சேனல்கள் சேர்ந்து வரும் முழுத் தொகுப்பே நொடிக்குச் சுமார் 40 மெகாபிட், அதாவது 5 மெகாபைட். பத்து வருடப் பழைய ஹார்ட் டிஸ்க்கும் அதைப்போலப் பல மடங்கு எழுதும். (அம்மாவின் கல்யாண வீடியோ கேசட்டை அனலாக் கார்டில் ஏற்றுகிறீர்கள் என்றால் கதை வேறு. அங்கே சுருக்குவது உங்கள் சிபியுவாக இருக்கலாம்.)

அப்போ ஃப்ரேம் எங்கே விழுகிறது? கடையில் இதை ஒருவரும் கேட்கவில்லை. விலை மட்டும் சொன்னார்கள்.

உடைந்த இடத்தைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே நொடியில் உடைந்தால் பிழை பதிவில். இடம் மாறினால் பதிவு நல்லது, பிளேயரைப் பாருங்கள். சிலவேளை பிழையே இருக்காது: பிரிட்டன் ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ் கணக்கு, உங்கள் திரை 60இல் ஓடும், படம் இடறும். திரையை 50க்கு மாற்றினால் சரி.

இவனுக்கு அதே நொடியில்தான் உடைந்தது. டிவிஹெட்எண்டின் ஸ்டேட்டஸைத் திறந்தோம். ஒளிபரப்பு 188 பைட் பொட்டலங்களாக வருகிறது. அவற்றில் 0 முதல் 15 வரை சுற்றும் ஒரு எண் இருக்கும். எண் தாவினால் நடுவில் பொட்டலம் தொலைந்துவிட்டது. அதைத்தான் 'கண்டினியூட்டி எரர்' என்று காட்டுகிறது. திருத்த முடியாத பிழைகளும் கூடவே ஏறினால் சிக்னலில் சந்தேகப்படுங்கள். கண்டினியூட்டி மட்டும் ஏறினால் யுஎஸ்பி ஹப்பைக் கழற்றிவிட்டு நேரே செருகிப் பாருங்கள்.

இரண்டும் ஏறின. அதுவும் ஹீட்டிங் பாய்லர் 'டிக்' என்று ஓடத் தொடங்கும்போதெல்லாம். டியூனரோடு இலவசமாக வந்த மெல்லிய ஆண்டெனா வயர் பாய்லருக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. சிபியு 5 வீதத்தைத் தாண்டவில்லை.

"லினக்ஸ் எண்டா இப்பிடித்தான் அண்ணா, என்ன?" என்று கேட்டான். அந்த எண்களைத் திறந்து காட்டியதே அந்த லினக்ஸ் கம்ப்யூட்டர்தான் என்றேன்.

நன்றாகக் கவசமிட்ட கேபிள் ஒன்று, 8 பவுண்ட். பாய்லரை விட்டுத் தள்ளி இழுத்தோம், எரர் நின்றது. உங்கள் வீட்டில் நிற்காவிட்டால் சிக்னல் ஆம்ப்ளிஃபையர் வாங்க ஓடாதீர்கள். ஏற்கெனவே ஒன்று பூட்டியிருந்தால் அதைக் கழற்றிப் பாருங்கள். சிக்னல் அளவுக்கு மிஞ்சினாலும் படம் இப்படியேதான் உடையும்.