கண்ணை மூடிக்கிட்டு கிட்டார் வாங்குங்க!

தேங்காய் வாங்கும்போது யாரும் நிறத்தை மட்டும் பார்த்துப் பையில் போட்டுக்கொள்வதில்லை. காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள். விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். மண்பானையும் அப்படித்தான். ‘ணங்’ என்று ஒலித்தால்தான் காசு கைமாறும். ஆனால், சத்தத்துக்காகவே வாங்குகிற ஒரு பொருளைப் பலரும் கண்ணால் பார்த்தே வாங்கிவிடுகிறார்கள். அதுதான் கிட்டார்!

சென்னையில் ஓர் இசைக்கருவிக் கடை. சனிக்கிழமை மாலை. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகளோடு அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். பெரியப்பா மகனின் பழைய கிட்டாரில் ஒரு வருடமாகப் பழகியவள் அவள். வேலை கிடைத்து அண்ணன் பெங்களூரு கிளம்பியபோது கிட்டாரும் கூடவே போய்விட்டது. ‘எனக்குச் சொந்தமா ஒண்ணு வேணும்’ என்று அவள் வாய் திறந்து கேட்கவில்லை. வகுப்புக்குப் போவதை மட்டும் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டாள். அதைக் கவனித்த அப்பா, போனஸ் பணத்தில் 15,000 ரூபாயை ஒதுக்கி வைத்தார். மகளின் கிட்டார் மாஸ்டரையும் துணைக்கு அழைத்து வந்திருந்தார்.

கடைக்காரர் இரண்டு கிட்டார்களை எடுத்து வைத்தார். ஒரே கம்பெனி, ஒரே வடிவம், இரண்டுக்கும் ஒரே ஸ்புரூஸ் மர மேல்பலகை. ஒன்று 13,000 ரூபாய். இன்னொன்று 19,000.

‘‘இது ரோஸ்வுட் பாடி சார். சவுண்ட் தனியா தெரியும் பாருங்க’’ என்று விலை அதிகமானதை ஒரு இழுப்பு இழுத்தார். கணீரென்று ஒலித்தது. மற்றதை மீட்டியபோது கொஞ்சம் மந்தமாகத்தான் இருந்தது.

மகள் முகத்தில் ஆசையும் இருந்தது, தயக்கமும் இருந்தது. அப்பா பார்த்துவிட்டார். ‘‘பரவாயில்லம்மா, மீதியைக் கார்டுல போட்டுக்கலாம்’’ என்று பர்ஸை எடுத்தார்.

‘‘சார், ஒரு மணி நேரம் குடுங்க. விலைச்சீட்டைத் திருப்பி வெச்சிட்டு ஒரு தடவை கேட்டுடலாம்’’ என்று தடுத்தார் மாஸ்டர்.

வெல்டிங் கண்ணாடி போட்ட 52 பேர்

மாஸ்டர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரு சோதனை நடத்தி, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். ரோஜர் பக்னால் என்ற கைதேர்ந்த கிட்டார் கலைஞர் அதற்காக ஆறு கிட்டார்களை உருவாக்கித் தந்தார். ஆறும் ஒரே அளவு, ஒரே வடிவமைப்பு. பின்பலகைக்கும் பக்கப்பலகைக்கும் மட்டும் வெவ்வேறு மரம். பிரேசிலியன் ரோஸ்வுட், இந்தியன் ரோஸ்வுட், மஹோகனி, மேப்பிள், சப்பெலி, வால்நட்.

52 கிட்டார் கலைஞர்கள் அவற்றை வாசித்துப் பார்த்தார்கள். மரத்தின் நிறம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக மங்கலான வெளிச்சம். போதாததற்கு, கண்ணில் வெல்டிங் வேலைக்காரர்கள் போடும் கறுப்புக் கண்ணாடி! கடைசியில், விலை உயர்ந்த மரத்துக்கும் சாதாரண மரத்துக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான் கிடைத்தது.

இதில் இந்தியன் ரோஸ்வுட் என்பது வேறொன்றுமில்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் ஈட்டி மரம்தான்.

இந்த உண்மையை 150 வருடங்களுக்கு முன்பே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். ஸ்பெயின் நாட்டின் புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் அந்தோனியோ தெ தோரஸ், 1862-இல் பின்பலகையையும் பக்கங்களையும் காகிதக்கூழ் அட்டையிலேயே செய்து ஒரு கிட்டாரை உருவாக்கினார். மேல்பலகைக்கு மட்டும் நல்ல மரம். ‘ஒலியைத் தீர்மானிப்பது மேல்பலகைதான்’ என்பது அவருடைய வாதம். அந்தக் கிட்டார் இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பழைய கம்பியும் புதுக் கம்பியும்

கடையில் மாஸ்டர் முதலில் பார்த்தது மரத்தை அல்ல, கம்பிகளை. ரோஸ்வுட் கிட்டாரில் கம்பிகள் பளபளவென்று புதிதாக இருந்தன. மற்றதில் பல மாதம் சுவரில் தொங்கியதில் கறுத்துப்போயிருந்தன. ‘‘மந்தமா கேட்டதுக்கு முக்கியமான காரணம் இதுதான். ஸ்ட்ரிங்குக்கு நாங்க காசு குடுத்துடறோம், ரெண்டுக்கும் ஒரே செட் மாத்திக் குடுங்க’’ என்றார்.

ஒரே பிராண்டு, ஒரே தடிமன். பிறகு இரண்டையும் போனில் இருந்த ட்யூனர் ஆப் வைத்து ஒரே சுருதிக்குக் கொண்டுவந்தார். புதுக் கம்பி கொஞ்ச நேரம் இளகிக்கொண்டே இருக்கும் என்பதால் இரண்டு மூன்று முறை சுருதி பார்க்க வேண்டியிருந்தது.

அடுத்தது வாசிக்கும் முறை. ஒரே பிக், ஒரே நாற்காலி, ஒரே அழுத்தம். ஒலித்துளைக்கு நேராக மீட்டினால் ஒலி குழைவாக இருக்கும். பிரிட்ஜ் பக்கம் தள்ளி மீட்டினால் கூர்மையாகிவிடும். ஒன்றை அங்கேயும் மற்றதை இங்கேயும் மீட்டினால், ஒரே கிட்டார்கூட இரண்டாகத் தெரியும். ஓங்கி மீட்டுவதும் ஒரு ஏமாற்று வேலைதான். சற்றே சத்தம் கூடினாலே ‘இதுதான் நல்லா இருக்கு’ என்று காது நம்பிவிடும்.

அம்மாவின் காது

‘‘எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்குங்க’’ என்றார் மாஸ்டர்.

‘‘எனக்கு கிட்டார் பத்தி என்ன தெரியும்? நான் எதுக்கு?’’ என்றார் அம்மா.

‘‘அதனாலதான் நீங்க வேணும். உங்களுக்கு பிராண்டும் தெரியாது, மரமும் தெரியாது. காது மட்டும்தான் கேக்கும்.’’

ஒவ்வொரு கிட்டாரிலும் பத்து விநாடிதான் வாசித்தார். ஒரு கார்டு, ஆறு கம்பிகளும் தனித்தனியாக, மேல் ஸ்தாயியில் ஒரு சின்ன மெட்டு. ஒலியின் நுணுக்கம் மனதில் சில விநாடிகளுக்கு மேல் நிற்காது. முழுப் பாட்டையும் வாசித்துவிட்டு அடுத்த கிட்டாரை எடுத்தால், முதல் கிட்டார் எப்படி ஒலித்தது என்பதே மறந்துபோகும். பிடித்த பாட்டை வாசித்தாலும் ஆபத்து. பாட்டு பிடித்ததா, கிட்டார் பிடித்ததா என்றே தெரியாது.

வரிசையை மாற்றி மாற்றி ஐந்து சுற்று. முதலாவதா, இரண்டாவதா என்று மூவரும் அவரவர் போனில் குறித்துக்கொண்டார்கள். பார்த்தால், அப்பாவும் அம்மாவும் மூன்று முறை ஒன்றையும் இரண்டு முறை மற்றதையும் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மகளுக்கும் அதே கதைதான். அதாவது, கண்ணுக்கு 6,000 ரூபாய் வித்தியாசம். காதுக்கு எதுவுமே தெரியவில்லை!

மகளால் நம்ப முடியவில்லை. ‘‘வீடியோல எல்லாம் ரோஸ்வுட் பேஸ் தனியா கேட்டுச்சே சார்’’ என்றாள். ஒரு மாதமாகப் போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘‘கிட்டாரோட ஆறாவது ஸ்ட்ரிங் 82 ஹெர்ட்ஸ்மா. உன் போன் ஸ்பீக்கரால அந்த அடி நாதத்தைச் சரியா குடுக்கவே முடியாது. அவர் ‘பேஸ் ஜாஸ்தி’ன்னு சொன்னாரு, நீ கேட்டுட்டே’’ என்று சிரித்தார் மாஸ்டர்.

ஒரே மாடல், வேறு குரல்

அத்தோடு அவர் நிறுத்தவில்லை. ‘‘இந்த 13,000 ரூபாய் மாடல்லயே இன்னொரு பீஸ் இருக்கா?’’ என்று கேட்டார். கடைக்காரர் கிடங்கிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்கும் அதே கம்பி, அதே சுருதி. மறுபடியும் சுவரைப் பார்த்து ஐந்து சுற்று.

இந்த முறை அம்மா ஐந்து தடவையும் ஒரே கிட்டாரைக் குறித்திருந்தார். மகளும் அதையே ஐந்து முறை. அப்பா நான்கு முறை. கிடங்கிலிருந்து வந்த புதுக் கிட்டார்தான் அது! குருட்டாம்போக்கில் குறிக்கிற ஒருவர் ஐந்து முறையும் ஒரே கிட்டாரில் போய் நிற்பதற்கு 16-இல் ஒரு வாய்ப்புதான் உண்டு. இரண்டு பேர் தனித்தனியாக அதையே குறித்தால், காது நிஜமாகவே எதையோ பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒரே மாடலில் எப்படி வித்தியாசம் வரும்? மரம் அச்சில் வார்த்த பொருள் அல்ல. ஒரே மரத்திலிருந்து அறுத்த இரண்டு பலகைகள்கூட விறைப்பிலும் எடையிலும் வேறுபடும். தேய்க்கும்போது பலகையின் கனம் துளி மாறினாலும் குரல் மாறும். அதனால்தான் ‘இந்த மாடல் நல்ல மாடலா’ என்று கேட்டால் மட்டும் போதாது. ‘கையில் இருக்கிற இந்தக் கிட்டார் நல்ல கிட்டாரா’ என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

கடைசித் தேர்வு கைக்கு. மகள் துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு வாசித்தாள். ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி, கம்பி எங்காவது ‘கிர்’ரென்று உரசுகிறதா என்று பார்த்தார்கள். கம்பியின் உயரம் விரலுக்குக் கொஞ்சம் சிரமமாக இருந்தது. கடைக்காரரே அதைச் சற்று இறக்கிக் கொடுத்தார்.

‘‘ரோஸ்வுட் வேணாமா கண்ணு? அப்புறம் வருத்தப்படக் கூடாது’’ என்றார் அப்பா, மனம் கேட்காமல்.

‘‘அது பார்க்க ரொம்ப அழகா இருக்குப்பா. ஆனா, எனக்கு இதோட குரல்தான் வேணும்.’’

பை, கம்பிகளுக்கான காசு எல்லாம் சேர்த்தும் பில் 15,000-ஐத் தாண்டவில்லை. திங்கட்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, மூன்று மாதம் கழித்து, அவள் மீண்டும் வகுப்புக்குக் கிளம்பினாள்.

கடைக்குப் போகும் முன்...

* கூட்டமில்லாத நேரம் நல்லது. சுற்றிலும் சத்தம் இருந்தால் ஒப்பிட முடியாது.

* வாசிக்கிறவருக்குக் கேட்கும் ஒலி வேறு; எதிரே இருப்பவருக்குக் கேட்பது வேறு. ஒலித்துளை எதிர்ப்பக்கம் பார்த்திருப்பதே காரணம். வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துப் போனால், எதிரே நின்றும் கேட்கலாம்.

* ஒரே நேரத்தில் இரண்டு கிட்டார்களைத்தான் ஒப்பிட வேண்டும். ஐந்தாறை வரிசையாகக் கேட்டால் காது களைத்துவிடும்.

* சுவர் மூலையில் உட்கார்ந்து வாசித்தால் கீழ் ஸ்தாயி ஒலி கூடுதலாகக் கேட்கும். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துக் கேட்பதே நியாயம்.

* காதுக்கு வித்தியாசமே தெரியவில்லை என்றால், விலை குறைந்ததை வாங்கலாம். அழகுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதும் தவறில்லை. எதற்காகக் கொடுக்கிறோம் என்பது தெரிந்திருந்தால் போதும்.