மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு: உங்கள் திருப்தி பற்றி ஒரு மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனுவுக்கும், ‘முதல்வரின் முகவரி’ துறைக்கு அனுப்பிய மனுவுக்கும் உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரே பதில்தான் வந்தது: ‘பள்ளி நிர்வாகத்தின் விளக்கம் திருப்திகரமாக உள்ளது. மனு முடிக்கப்பட்டது.’ யாருக்குத் திருப்தி என்று கேட்கத்தான் ஊரறிய எழுதுகிறேன். பள்ளியின் பெயரை எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். விதிகளையும் எழுதவில்லை, சுற்றறிக்கைகளில் கையெழுத்துப் போடுகிறவரே நீங்கள்தான்.

என் தங்கை மகள் பத்தாம் வகுப்பு. கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சுடிதாரோடு திரிந்தாள். பி.டி. பீரியடில் அவள் கைத் தழும்புகளை ஓர் ஆசிரியை பார்த்துவிட்டார். தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வகுப்பின் முன்னால் நிறுத்தி, கையை மடித்துவிடச் சொல்லி, “நல்லா பாருங்க, இதுக்குப் பேர்தான் திமிரு” என்றார். மறுநாள் தாளாளர் அறையில் பெற்றோரை நிற்க வைத்து, ‘இனி இப்படிச் செய்ய மாட்டேன், செய்தால் டி.சி. வாங்கிக்கொள்கிறேன், பள்ளி பொறுப்பல்ல’ என்று பிள்ளையிடம் எழுதி வாங்கினார்கள். காய்ச்சல்காரப் பிள்ளையிடம் இனிமேல் காய்ச்சல் வராது என்று எழுதி வாங்குவீர்களா ஐயா?

நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளில் பலர் சாக நினைப்பதில்லை. அவமானமும் பதற்றமும் தன்மேலேயே வரும் கோபமும் தாங்க முடியாமல், சொல்லவும் ஆளில்லாமல் உடம்பின்மேல் இறங்குகின்றன. கொஞ்ச நேரம் நெஞ்சு லேசாகும். பிறகு வெட்கம் வந்து அமுக்கும். அந்த வெட்கமே மறுபடியும் அதில் தள்ளும். நாலு பேர் பார்க்கச் செய்கிறாள் என்றார் தாளாளர். பார்க்கச் செய்கிறவள் எதற்கு முழுக்கை போடுகிறாள்? சாகும் எண்ணம் இல்லை என்று அலட்சியமாக விட்டுவிடவும் முடியாது. கேட்பாரற்று விட்டால் பின்னாளில் தற்கொலை ஆபத்து கூடும். அதனால்தான் வகுப்பில் வைத்து மானத்தை வாங்கியதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்த அவமானம் வந்த வழியையும் சொல்கிறேன். பொதுத்தேர்வில் முதலிடப் பட்டியல் வெளியிடுவதை அரசு 2017-லேயே நிறுத்தியது. இந்தப் பள்ளியிலோ வாராவாரம் டெஸ்ட் மார்க்கைப் பார்த்து பெஞ்சு மாறுகிறது. மார்க் குறைந்தவர்களின் பெயர் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. அதைப் பார்த்துவிட்டு, “கட்டின பீஸுக்காவது படி” என்று அவள் அப்பா தினமும் ஆரம்பிப்பார். மறைக்கவில்லை. வீட்டை நாங்கள் திருத்திக்கொள்கிறோம். பள்ளியை யார் திருத்துவது?

விசாரணைக்கு உங்கள் ஆள் வந்தார். தாளாளரோடு காபி குடித்தார், பதிவேட்டைப் புரட்டினார். பிள்ளையிடம் பேசவில்லை. கவுன்சிலர் உண்டு என்று பதிவேட்டில் இருக்கிறதாம். உண்டு, கணக்குப் பாடம் எடுக்கிறார். டெலி மானஸ் உதவி எண் 14416-உம் ஒட்டியிருக்கிறது, தாளாளர் அறைக்குள்ளே. திட்டு வாங்கப் போகிற பிள்ளைகள் குறித்துக்கொள்ளலாம்.

நூறு சதவீதத் தேர்ச்சிக்காக அந்தப் பள்ளிக்கு நீங்கள் கேடயம் கொடுத்த படத்தைப் பார்த்தேன். சிரித்த முகமாக இருந்தீர்கள். பொதுத்தேர்வுக்கு முன் டி.சி. வாங்கிக்கொண்டு போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று அந்த மேடையில் யாரும் கேட்கவில்லை போலும்.

அவள் இப்போது அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போய்வருகிறாள். “எப்பலேர்ந்தும்மா கஷ்டமா இருக்கு?” என்று அங்கே டாக்டர் கேட்டாராம். இவ்வளவு பெரிய பள்ளியில் அதைக் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அவளிடம் எழுதி வாங்கிய கடிதத்தைப் பள்ளிக் கோப்பிலிருந்து எடுத்து அவளிடமே கொடுக்கச் சொல்லுங்கள். அந்த ஆசிரியை அவளிடம் மன்னிப்புக் கேட்கட்டும். தனியாகக் கேட்டால் போதும், வகுப்பின் முன்னால் யாரையும் நிறுத்த வேண்டாம். பெஞ்சு மாற்றும் கூத்தை நிறுத்துங்கள். இல்லை, எல்லாம் திருப்திதான் என்றால் அதை உங்கள் கைப்பட எழுதி அனுப்புங்கள். இந்த முறை அலுவலக முத்திரை போதாது. உங்கள் பெயரைப் போடுங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய பெரியம்மா