எழுதப் பிடிக்காத நாட்கள்

அகதா கிறிஸ்டியைப் பேட்டி காண வந்த பத்திரிகையாளர்கள் தவறாமல் ஒன்றைக் கேட்டார்கள். அவர் எந்த மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறார்? அந்த மேஜை முன் அவரை வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கிறிஸ்டிக்குச் சங்கடம்தான். காட்டுவதற்கென்று தனி மேஜை எதுவும் அவரிடம் இல்லை. ஆடாத ஒரு மேஜையும் ஒரு டைப்ரைட்டரும் கிடைத்தால் போதும் என்பது அவர் கணக்கு. படுக்கையறையில் முகம் கழுவும் பாத்திரங்கள் வைக்கிற, பளிங்குப் பலகை போட்ட சிறு மேஜை அதற்குத் தோதாக இருந்தது. சாப்பாட்டு வேளை தவிர மற்ற நேரங்களில் சாப்பாட்டு மேஜையும் உதவியது.

66 துப்பறியும் நாவல்களை எழுதியவர் அவர். இந்திய ரயில் நிலையப் புத்தகக் கடைகளில் பல பத்தாண்டுகள் அவருடைய மலிவுப் பதிப்புகள் இல்லாத அலமாரி அபூர்வம். அப்படிப்பட்டவர் தன்னை எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்ள வெகுகாலம் கூசினார். படிவங்களில் தொழில் என்ன என்று கேட்ட இடத்தில், மணமான பெண் என்பதைத் தவிர வேறு எதையும் எழுத அவருக்குத் தோன்றியதில்லை. எழுத வேண்டிய நேரம் வந்தால், எலும்பைக் கவ்விக்கொண்டு ஒதுங்கும் நாயைப் போல வீட்டார் கண்ணில் படாமல் மறைந்துவிடுவாராம். இதைச் சொல்வதும் அவரேதான், இறந்ததற்கு அடுத்த ஆண்டு, 1977இல் வெளிவந்த சுயசரிதையில்.

மேஜைக்கு வருவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்கும். கதையை மனத்துக்குள் போட்டு உருட்டி, அது சரியாக வரும் வரை கவலைப்படுவதுதான் உண்மையான உழைப்பு என்று 1955இல் பிபிசி வானொலியில் அவர் சொன்னார். அது முடிந்துவிட்டால் எழுத நேரம் கண்டுபிடிப்பதுதான் பாக்கி. ஒரு நாவலுக்கு மூன்று மாதம் போதும்.

அந்தக் கவலையின் தடயங்கள் 73 நோட்டுப் புத்தகங்களில் இருக்கின்றன. ஜான் கர்ரன் என்ற ஆய்வாளர் அவற்றைப் படித்து 2009இல் ஒரு நூலாக்கினார். கிறுக்கலான கையெழுத்து, ஒழுங்கில்லாத வரிசை. ஒரு நாவலுக்கான குறிப்புகள் நாலைந்து நோட்டுகளில் சிதறிக் கிடக்கின்றன. கொலைத் திட்டத்துக்குப் பக்கத்திலேயே வீட்டுக்கு வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியல். ஆனால் குழப்பத்துக்குள் ஒரு முறை உண்டு. சம்பவங்களுக்கு ஏ, பி, சி என்று எழுத்துகள் கொடுத்துவிட்டு, பிறகு அந்த எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்ப்பார். யார் கொலையாளி என்பதைக்கூட இப்படி மாற்றிப் பார்த்திருக்கிறார். வாசகர்கள் அசந்துபோகும் முடிவுகள் ஒரே மூச்சில் வந்தவை அல்ல.

முதல் நாவல் பிறந்த கதையும் இதே ரகம். துப்பறியும் கதை எழுத உன்னால் முடியாது என்று அக்கா மேட்ஜ் சீண்டியது பல ஆண்டுகளாக மனத்தில் கிடந்தது. முதல் உலகப் போரின்போது டார்க்கி நகர மருத்துவமனையில் மருந்து கலந்து கொடுக்கும் பிரிவில் வேலை. சுற்றிலும் விஷப் புட்டிகள். வேலை குறைந்த வேளைகளில் கொலைக்கு விஷத்தையே பயன்படுத்தலாம் என்ற யோசனை வந்தது. போருக்குத் தப்பி ஊருக்கு வந்திருந்த பெல்ஜிய அகதிகளைப் பார்த்து, துப்பறிபவர் ஒரு பெல்ஜியராக இருக்கட்டும் என்று முடிவு செய்தார். ஹெர்க்யூல் பாய்ரோ வந்தது அப்படித்தான்.

பாதியில் கதை சிக்கிக்கொண்டபோது, விடுமுறை எடுத்துக்கொண்டு போய் எழுதி முடி என்றார் அம்மா. 1916இல் டார்ட்மூர் பகுதியில் ஒரு ஹோட்டலில் இரண்டு வாரம். காலையில் கை வலிக்கும் வரை எழுத்து. பிற்பகலில் பொட்டல்வெளியில் நீண்ட நடை, பாத்திரங்களின் வசனங்களைத் தனக்குத்தானே பேசிக்கொண்டு. இரவு சாப்பிட்டுவிட்டு 12 மணி நேரத் தூக்கம். முடித்த பிரதியைப் பதிப்பாளர்கள் சிலர் திருப்பி அனுப்பினார்கள். கடைசியாக பாட்லி ஹெட் நிறுவனம், கடைசி அத்தியாயத்தில் இருந்த நீதிமன்றக் காட்சியை மாற்றச் சொல்லி ஏற்றுக்கொண்டது. 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்' 1920இல் அச்சாகியது. புத்தகம் வருகிறது என்ற சந்தோஷத்தில், ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். அடுத்த ஐந்து நாவல்களும் அதே நிறுவனத்துக்கு என்ற நிபந்தனை அதில் இருந்தது. முதல் நாவலில் கைக்கு வந்தது 25 பவுன். நாவல் எழுதும் பலர் இன்றும் செய்யும் தவறு இது.

இதுவரை எழுத்து அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. எழுதத் தோன்றினால் எழுதுவது. பணம் வந்தால் லாபம். ஒரு நாவலின் தொடர்கதை உரிமைக்கு 500 பவுன் வந்தபோது ஒரு மோரிஸ் கார் வாங்கினார்.

1926 எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. ஏப்ரலில் அம்மா இறந்தார். சில மாதங்களில் கணவர், வேறொரு பெண்ணை விரும்புவதாகச் சொல்லி விவாகரத்து கேட்டார். டிசம்பரில் கிறிஸ்டி 11 நாள் காணாமல் போய், ஹாரோகேட் நகர ஹோட்டல் ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்டார். சுயசரிதையில் அந்த 11 நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பின் வந்த மாதங்களைப் பற்றி இருக்கிறது.

கையில் பணம் இல்லை; எழுத்து ஒன்றே வருமானம். ஆனால் எழுத வரவில்லை. கணவரின் தம்பி யோசனைப்படி, பத்திரிகையில் ஏற்கெனவே வந்த 12 கதைகளை ஒட்டி 'தி பிக் ஃபோர்' என்று நாவலாக்கிச் சமாளித்தார். அடுத்ததற்கு அந்த வழியும் இல்லை. 1927 தொடக்கத்தில் ஏழு வயது மகள் ரோசலிண்டையும் உதவியாளர் கார்லோவையும் கூட்டிக்கொண்டு கேனரி தீவுகளுக்குப் போனார். 'தி மிஸ்டரி ஆஃப் தி ப்ளூ ட்ரெய்ன்' அங்கே வளர்ந்தது. அவர் வாக்கியம் வாக்கியமாகச் சொல்ல, கார்லோ எழுதிக்கொள்வார். தொந்தரவு செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டு மகள் பக்கத்திலேயே நிற்பாள். அவள் நிற்பதே தொந்தரவு. சொல்ல வந்த வாக்கியம் தொண்டையில் நிற்கும். கதையில் ஆர்வம் இல்லை. பாத்திரங்கள் உயிரோடு அசையவில்லை. கருகூட அவர் முன்பு எழுதிய ஒரு சிறுகதையிலிருந்து எடுத்ததுதான். ஆனாலும் நாவல் முடிந்தது, 1928இல் வெளிவந்தது.

தான் தொழில்முறை எழுத்தாளரானது அந்தத் தீவில்தான் என்கிறார் கிறிஸ்டி. எழுத விருப்பம் இல்லாதபோதும், எழுதுவது தனக்கே பிடிக்காதபோதும், அது நன்றாக வரவில்லை என்று தெரிந்தபோதும் எழுத வேண்டியிருப்பது: தொழில் என்பதற்கு அவர் கண்ட பொருள் இதுதான். அந்த நாவலைக் கடைசி வரை அவர் வெறுத்தார். அது பலருக்குப் பிடித்திருந்தது என்பதையும் அவரே பதிவு செய்கிறார்.

புதியவர்களுக்கு அவர் தரும் அறிவுரையும் இந்த அனுபவத்தின் தொடர்ச்சிதான். உத்வேகம் பற்றி அதில் அதிகம் இல்லை. எந்தப் பத்திரிகைக்கு, எந்தப் பதிப்பகத்துக்கு எழுதுகிறோமோ அங்கே என்ன வடிவம், என்ன நீளம் என்று தெரிந்துகொள்ளுங்கள் என்கிறார். ஒரு தச்சர் ஐந்தடி உயரத்தில் உட்காரும் பலகையை வைத்து நாற்காலி செய்தால் யார் உட்காருவார்கள்? துப்பறியும் நாவலுக்கு 50,000 சொற்கள் சரியான அளவு என்பது அவர் எண்ணம். பதிப்பாளர்கள் அதிகம் கேட்டதால் நீட்டிக் கொடுத்தார். முதலில் பிறரைப் பார்த்து எழுதுவது இயல்புதான். ஆனால் தன்னால் என்ன முடியும், என்ன முடியாது என்பதைச் சீக்கிரம் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறார். கிரகாம் கிரீன் போல எழுத ஆசை இருந்தும், அது தனக்கு வராது என்று ஏற்றுக்கொண்டவர் அவர்.

இந்த அறிவுரையில் ஒரு குறையும் உண்டு. கேனரி தீவில் கிறிஸ்டி வெறும் கையோடு இல்லை. 10 ஆண்டுகள் ஆசைக்காக எழுதிப் பழகிய கை அது. சொல்வதை எழுதிக்கொள்ள ஒரு துணையும் இருந்தது. பிடிக்காத நாளில் எழுதுவதற்கு, பிடித்த நாட்களில் எழுதிச் சேர்த்த பழக்கம் வேண்டும். வேலைக்குப் போய்விட்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு, முதல் நாவலின் மூன்றாவது அத்தியாயத்தில் சிக்கி நிற்பவர்கள் இரண்டையும் சேர்த்தே கணக்கில் கொள்ள வேண்டும். தனி அறையும் நல்ல மேஜையும் கிடைத்த பிறகு ஆரம்பிக்கலாம் என்று மட்டும் அவர்கள் காத்திருக்கத் தேவையில்லை.